ஓதோணு அக்காவின் பதில்கள்

முதல் வலைத்தளம் கட்டுகிற மாணவர்கள் எல்லோரும் பொத்தான்களுக்கு அளவுக்கு மீறி நிறம் கொடுத்துவிடுவார்கள். நாங்களும் கொடுத்தோம். எங்களுடையது கிளிப்பச்சை. என்னோடு சேர்ந்து கட்டிய மெஹபூப் தேர்ந்தெடுத்தது. எங்கள் புராஜெக்டுக்கு வழிகாட்டியான அங்கடி சார் முதல் முறை திறந்து பார்த்துவிட்டு, "லே மெஹபூப், படிக்கிற இடம்டா இது. கல்யாண மண்டபத்துச் சீரியல் லைட் மாதிரி போட்டு வச்சிருக்கே" என்றார். பிறகு எத்தனையோ தளங்கள் கட்டிவிட்டேன் மேடம். அந்தப் பச்சையை மட்டும் எதிலும் வைத்ததில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அதனால்தான் பொத்தானிலிருந்து ஆரம்பித்தேன்.

அப்போது நாங்கள் ஹுப்பள்ளியில் பொறியியல் கடைசி வருடம். கண்ணுக்குத் தெரிகிற முகப்பிலிருந்து யாருக்கும் தெரியாத கிடங்குவரை ஒரு தளத்தை முழுவதுமாக நாங்களே கட்டுவது என்று முடிவு. முகப்பு மெஹபூப் வேலை. உள்ளே ஓடுகிற கணக்கும், பிள்ளைகளின் பெயரும் விடையும் மதிப்பெண்ணும் தங்குகிற டேபிள்களும் என் வேலை. பத்தாம் வகுப்புக் கணக்கும் அறிவியலும் கன்னடத்தில் சொல்லிக் கொடுக்கும் தளம். பெயர் 'ஓதோணு'. வா, படிப்போம் என்பதுதான். அந்தப் பெயரும் மெஹபூப் வைத்ததே. அவனுக்குப் பெயர் வைக்கிற கை இருந்தது.

தளத்தின் ஓரத்தில் ஒரு கேள்விப் பெட்டி. பிள்ளைகள் புரியாததை அதில் எழுதினால், 'ஓதோணு அக்கா' பதில் எழுதுவாள். அந்த அக்கா நான்தான். ஒற்றைப் பின்னல் போட்ட ஒரு பெண்ணின் படத்தை மெஹபூப் வரைந்து வைத்தான். "உன்னை மாதிரியே வரையலாம்னுதான் பாத்தேன் சாவந்த்ரி. ஆனா பிள்ளைங்க பயந்து ஓடிடும்" என்றான். நான் ஸ்கேலால் அவன் முதுகில் ஒன்று போட்டேன். நல்ல நாட்கள் அவை.

தளத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பாஸ்வேர்டுகளை உருமாற்றி, யாருக்கும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் வைக்க வேண்டும். முதல் தளம் கட்டுகிறவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். நானும் விட்டேன். எந்தப் பிள்ளை எந்தப் பாஸ்வேர்டு வைத்திருக்கிறது என்பது டேபிளில் பெயருக்குப் பக்கத்திலேயே எழுத்து எழுத்தாகக் கிடந்தது. சிலர் மாட்டின் பெயர் வைத்திருந்தார்கள். சிலர் நடிகரின் பெயர். நிங்கவ்வ வைத்திருந்தது 'நர்ஸ்நிங்கவ்வ'.

அவள் பெயர் இங்கேதான் வருகிறது. எழுதிக்கொள்ளுங்கள்.

நவலகுந்த் பக்கத்து ஊர். அந்த ஊர்ப் பெயர் உங்கள் கோப்பில் இருக்கிறது, நான் சொல்ல வேண்டியதில்லை. அரசு உயர்நிலைப் பள்ளி. பத்துக் கம்ப்யூட்டர், அதில் ஏழு ஓடும். தலைமை ஆசிரியர் ஹொசமனி சார் எங்கள் தளத்தைத் தன் பள்ளியில் வைத்து நடத்திப் பார்க்க ஒப்புக்கொண்டார். நாற்பத்து மூன்று பிள்ளைகள். நாங்கள் போகும்போதெல்லாம் சோள ரொட்டியும் எள்ளுச் சட்னியும் வீட்டிலிருந்து வரவழைப்பார். "யவ்வா சாவந்த்ரி, எங்க பிள்ளைங்க இப்ப பசவண்ணனைக் கும்பிடறதை விட்டுட்டு உன் பச்சைப் பொத்தானைத்தான் கும்பிடுதுங்க" என்று சிரிப்பார். அவரைக் கெட்டவர் என்று நான் நினைத்ததே இல்லை. இன்றைக்கும் நினைக்கவில்லை.

நாற்பத்து மூன்று பேரில் நிங்கவ்வதான் முதலில் நிற்பவள். பள்ளிக் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம், பிறகு வீட்டுக்குப் போய்ச் சித்தப்பாவின் போனில் இன்னொரு மணி நேரம். ஒரு நாள்கூட விட்டதில்லை. அவள் கேள்விகளை நான் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை எழுதினாள்: "அக்கா, மைனஸும் மைனஸும் பெருக்கினா ப்ளஸ்ஸுன்னு சொல்றீங்க. எங்க வீட்ல அப்பாவுக்கும் கோவம், அம்மாவுக்கும் கோவம். ஏன் இன்னும் ப்ளஸ் ஆகல?" நான் லேபில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மெஹபூபைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இவளை வேலைக்கு எடுத்துக்கலாம்" என்றான் அவன்.

பிப்ரவரி பத்தாம் தேதி, இருபடிச் சமன்பாட்டுப் பாடத்தின் கீழே அவள் எழுதியது இது. உங்களிடம் அச்சடித்த தாள் இருக்கிறது. எனக்குத் தாள் வேண்டாம்.

"அக்கா, இது கணக்கு இல்ல. தப்பா நெனக்காதீங்க. எங்க ஊர் மடத்து ஜாத்திரைத் திருவிழால தேர் அன்னிக்கு நிறைய ஜோடிக்கு ஒரே பந்தல்ல கல்யாணம் பண்ணி வைப்பாங்க. அதுல என் பேரும் எழுதிட்டாங்க. எனக்குப் பதினஞ்சு முடிஞ்சு நாலு மாசம். பெரிய சாரே பதினெட்டு ஆச்சுன்னு சர்டிபிகேட் கொடுத்துட்டாரு. அதனால அவர்கிட்ட சொல்ல முடியாது. பரீட்சை அதுக்கப்புறம் ஒரு மாசம் இருக்கு. யார்கிட்ட சொல்லணும்னு மட்டும் சொல்லுங்க. ரெண்டாவது வகை ஈக்வேஷன் எனக்கு வந்திருச்சு."

நான் முதலில் செய்தது சரியான காரியம். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பதில் சொல்லாத கேள்விகள் தளத்தில் சிவப்பாகத் தெரியும். அவள் பெரிய சார் என்று எழுதிய ஹொசமனி சாருக்கும் உள்ளே வந்து பார்க்கிற வசதி கொடுத்திருந்தோம். அவர் கண்ணில் படக் கூடாது என்று உடனே அதை மறைத்தேன். எங்கள் தொழிலில் எதையும் நிஜமாக அழிப்பதில்லை மேடம். ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வைத்திருப்போம். அதில் பூஜ்யம் என்றால் தெரியும். ஒன்று என்றால் தெரியாது. நான் ஒன்று போட்டேன். அந்த ஒன்று அவளைக் காப்பாற்றுவதற்காகப் போட்டது.

மெஹபூபிடம் அன்று மதியமே சொன்னேன். கேன்டீனில் கிர்மிட் பொரியும் மிர்ச்சி பஜ்ஜியும் வாங்கிக்கொண்டு லேப் வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

"சைல்ட்லைனுக்கு, 1098க்கு போன் போடு," என்றான். "இப்பவே. இந்தா என் போன்."

"நான் பேசறேன். பொண்ணு விஷயம். பொண்ணு பேசினாத்தான் நல்லா இருக்கும்."

"பேசுவியா, இல்ல யோசிச்சுக்கிட்டே உக்காந்திருப்பியா? நீ யோசிக்க ஆரம்பிச்சா ஒரு செமஸ்டர் போயிடும்."

"பேசறேன்னு சொன்னேன்ல. மிர்ச்சியை அந்தப் பக்கம் வை, எண்ணெய் ஒழுகுது."

அன்று சாயங்காலம் பேசத்தான் இருந்தேன். அதற்கு முன்னால் என் அப்பாவின் போன் வந்தது.

என் வீட்டைப் பற்றி நீங்கள் இதுவரை கேட்கவில்லை. எனக்கும் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். இளகல்லில் சேலைக் கடை. என் வயது அப்போது இருபத்தொன்று, சட்டப்படி எல்லாம் சரி. அப்பா கோபக்காரர் இல்லை. மென்மையாகத்தான் பேசுவார். "இளகல்காரங்க உகாதிக்குள்ள பதில் கேக்கறாங்க தாயி. பெங்களூர்ல உன் எக்ஸிபிஷன் முடியட்டும்னு நிறுத்தி வச்சிருக்கேன். உன் கைல வேலை ஆர்டர் இருந்தா நானே வேண்டாம்னு சொல்லிடறேன். இல்லேன்னா நீ வாயத் திறக்கக் கூடாது. சரியா?"

"சரிப்பா" என்றேன்.

பெங்களூரில் மார்ச் இரண்டாம் தேதி மாணவர் கண்காட்சி. முதலிடத்தில் வருகிற தளத்தை ஒரு கம்பெனி எடுத்துக்கொள்ளும், கட்டியவர்களோடு சேர்த்து. நடுவர்கள் அழகைப் பார்ப்பதில்லை. ஒரு மாதம் முழுக்கப் பிள்ளைகள் விடாமல் வந்தார்களா என்ற வரைபடத்தைப் பார்ப்பார்கள். பள்ளித் தலைமை ஆசிரியருக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். ஜாத்திரைத் தேர் பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி. கண்காட்சிக்கு எட்டு நாள் முன்னால்.

நான் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 1098க்கு நான் போன் போட்டால் அதிகாரிகள் ஊருக்குப் போவார்கள். சர்டிபிகேட் யார் கொடுத்தது என்று கேட்பார்கள். ஹொசமனி சார் வேலையிலிருந்து நிறுத்தப்படுவார். கம்ப்யூட்டர் அறைச் சாவி அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். அந்த வெப்சைட்டால்தான் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்று ஊர் பேசும். நாற்பத்து மூன்று பேரும் ஒரே நாளில் காணாமல் போவார்கள். நடுவர்கள் போன் போட்டால் எடுக்க ஆள் இருக்காது. பிறகு இளகல்.

தேதிகள் மட்டும் இடம் மாறியிருந்தால் நான் நிச்சயமாகப் போன் செய்திருப்பேன். கண்காட்சி முன்னால், தேர் பின்னால் என்று இருந்திருந்தால். அந்தக் காலண்டரை நான் அச்சடிக்கவில்லை.

இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். அவள் தினம் வந்து பாடம் படித்தாள், பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். எத்தனை முறை திறந்தாள் என்பதும் டேபிளில் விழும். முதல் நாள் ஒன்பது முறை. இரண்டாம் நாள் பதினான்கு. அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. நான் கல் நெஞ்சக்காரி இல்லை. எழுதினேன்.

"நிங்கவ்வா, சொன்னது ரொம்ப நல்லது. அக்கா சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிட்டேன். அவங்க தேர் அன்னிக்கு நேரா பந்தலுக்கே வருவாங்க. அப்பத்தான் யாரும் மறுக்க முடியாது. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே. தினம் வந்து படி. ஒரு நாளும் விடாதே."

கடைசி வரியை ஏன் எழுதினேன் என்று நேற்று கேட்டீர்கள். ஆமாம், வரைபடத்துக்காகத்தான்.

மறுநாள் அவள் கேட்டாள்: "அக்கா, ஆஷா கார்யகர்த்தை, சுகாதார வேலை பாக்கற கங்கவ்வக்கா, நாளைக்கு எங்க தெருவுக்கு ஊசி போடற நர்ஸோட வராங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமா? சும்மா, நீங்க சொன்னதுக்கு மேல."

"வேண்டாம். அவங்க வாய்ல நிக்காது. விஷயம் வெளிய போனா தேதியை மாத்திடுவாங்க. அக்கா இருக்கேன்ல."

"சரி அக்கா."

கங்கவ்வ என்பவரை நான் பார்த்ததே இல்லை. அந்த வருடத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் இரண்டு கல்யாணங்களை அவர் நிறுத்தியிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

மெஹபூப் விடவில்லை. "பேசிட்டியா?" என்றான். பேசிவிட்டேன் என்றேன். "புகார் நம்பர் கொடுத்திருப்பாங்களே?" என்றான். ஆறு இலக்கம் சொன்னேன். என் ஹால் டிக்கெட்டின் கடைசி ஆறு இலக்கம் அது. அவன் அதைத் தன் நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டு, "நல்ல வேலை பண்ணினே மகராசி, உனக்கு நாளைக்கு மிர்ச்சி என் கணக்கு" என்றான். மெஹபூப் இப்போது மங்களூரில் இருக்கிறான். அவனுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அதைத் தனியாக ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

அந்தப் பத்து நாளும் நிங்கவ்வ படித்ததுபோல எந்தப் பிள்ளையும் படித்து நான் பார்த்ததில்லை. வீட்டில் மஞ்சள் இடித்தார்கள், வளையல்காரர் வந்து போனார், சேலை வந்தது. எல்லாவற்றையும் கேள்விப் பெட்டியில் எழுதுவாள். "அக்கா, சேலை நல்லா இருக்கு. திருப்பிக் கொடுக்கறப்ப மடிப்பு கலையாம கொடுக்கணும், அதனால கட்டிப் பாக்கல." "அக்கா, மாப்பிள்ளை லாரி ஓட்டறாராம். அவருக்கும் நம்ம தளத்துல பேர் எழுதிக்கலாமா, பாவம், எட்டாவதோட நிறுத்திட்டாராம்." பயம் இல்லாத பிள்ளை எழுதுகிற மாதிரி எழுதினாள். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கட்டத்தில் ஒன்று போட்டேன்.

தேர் அன்று நான் லேபில் இருந்தேன். காலை ஆறரைக்கே போய்விட்டேன். அங்கடி சார் வழக்கம்போல எட்டிப் பார்த்து, "என்ன சாவந்த்ரி, வாட்ச்மேன் வேலைக்கு மனு போட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏழு மணி இரண்டு நிமிடம். "அக்கா, எல்லாரும் மடத்துக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் தலை காயணும்னு வீட்ல இருக்கேன். ஏழேகாலுக்கு ரோட்டு முனைல தார்வாட் பஸ் வரும். தார்வாட்ல என் கூடப் படிச்சவ இருக்கா. போயிடட்டுமா? எதுக்கும் கேட்டுக்கறேன்."

மேடம், அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் எழுதவில்லை. நான்கு நிமிடம் யோசித்தேன். அந்த நான்கு நிமிடமும் தாளில் இருக்கும். அவள் ஓடிப்போனால் ஊர் தேடும். போனைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். போனில் எங்கள் பச்சைப் பொத்தான் இருக்கும், அதன் பின்னால் அக்கா இருப்பாள்.

எழுதினேன்: "போகாதே. நீ அங்க இல்லேன்னா அவங்க வந்து யாரைக் காப்பாத்துவாங்க?"

"அதுவும் சரிதான் அக்கா" என்று எழுதினாள். பஸ் போயிருக்கும்.

ஒன்பது நாற்பது: "கிளம்பிட்டாங்களா?" நான்: "கிளம்பிட்டாங்க."

பதினொன்று ஐம்பது: "பந்தல்ல இருபத்தாறு ஜோடி. நான் பத்தொன்பதாவது. எல்லாப் பொண்ணுங்களும் அழுவுதுங்க. நான் அழலன்னு அத்தை திட்டறாங்க. எங்க வந்திருக்காங்க இப்ப?" நான்: "நவலகுந்த் தாண்டிட்டாங்க."

பன்னிரண்டு இருபது: "போனைச் சேலைக்குள்ள வச்சிருக்கேன். சித்தப்பா தேடறாரு." நான் எதுவும் எழுதவில்லை.

பன்னிரண்டு முப்பத்தொன்று: "எல்லார் கைலயும் அட்சதைக்கு அக்கிகாளு கொடுத்துட்டாங்க அக்கா. சாமியார் மைக் எடுத்துட்டாரு. வந்துட்டாங்களா? பின்னால நிக்கறாங்களா?"

நான் எழுதினேன்: "பின்னால நிக்கறாங்க. நீ சிரிச்சுக்கிட்டே இரு."

அதன் பிறகு அட்சதை விழுந்திருக்கும். எல்லோர் கையிலும் இருந்த அரிசி ஒரே சமயத்தில் விழுகிற சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தேன். எனக்குக் கேட்டது.

மூன்றாம் நாள், புருஷன் வீட்டிலிருந்து, யாருடைய போனிலிருந்தோ ஒரே ஒரு வரி. "அக்கா, அவங்க வழி தவறிட்டாங்களா?"

அதுதான் அவளுடைய கடைசிக் கேள்வி. குற்றம் சொல்லவில்லை பாருங்கள். அவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுதான் கேட்டாள். நான் ஆமாம் என்று பதில் போட்டேன். அவள் அதைத் திறந்து படித்ததாகப் பதிவு இல்லை.

வரைபடத்தில் அவள் கோடு அந்தத் தேதியில் நேராகக் கீழே விழுந்து கிடந்தது. எல்லோருக்கும் மேலே ஓடிய கோடு அது, அதனால் கண்ணில் அடித்தது. பாஸ்வேர்டு எதிரிலேயே இருந்தது. 'நர்ஸ்நிங்கவ்வ' என்று அடித்து உள்ளே போனேன். அவள் படித்திருக்க வேண்டிய பாடங்களைப் படித்தேன், கணக்குகளைப் போட்டேன். அவள் செய்கிற தவறு எனக்குத் தெரியும், கடைசி வரியில் ப்ளஸ் மைனஸ் குறியை மறந்துவிடுவாள். அதையும் அப்படியே செய்தேன். எட்டு நாள், விட்டுப்போன நாட்களையும் சேர்த்து.

பெங்களூரில் நடுவர்களில் ஒரு அம்மா அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டி, "இந்தப் பொண்ணு ஒரு நாள்கூட விடலையே, யாரிது?" என்றார்கள். "நிங்கவ்வ. நர்ஸ் ஆகணும்னு ஆசை" என்றேன். ஹொசமனி சாருக்குப் போன் போட்டார்கள். அவர் ஸ்பீக்கரில், "எங்க ஊர்ப் பொண்ணுங்களுக்கு இந்தத் தளம்தான்மா கண்ணு" என்றார். கைதட்டினார்கள். மெஹபூப் என்னைத் தூக்காத குறை. அதிகாரிகள் வந்தார்கள், வீட்டார் சர்டிபிகேட்டைக் காட்டினார்கள், திரும்பிப் போய்விட்டார்கள் என்று முன்பே அவனிடம் சொல்லியிருந்தேன். அதைக் கேட்ட அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டான்.

அப்பா சொன்ன சொல் தவறாதவர். இளகல்லுக்கு அவரே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த ஜனவரியில் ஹொசமனி சார் புது வருட வாழ்த்துச் சொல்லப் போன் செய்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "அந்த நிங்கவ்வ போயிட்டா தெரியுமா யவ்வா? பிரசவம். உடம்புல ரத்தமே இல்லையாம். கதக் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. குழந்தையும் இல்ல. நல்லாப் படிக்கிற பொண்ணு." பிறகு புதிய கம்ப்யூட்டர்கள் கிடைக்குமா என்று கேட்டார். அனுப்பி வைத்தேன்.

பதினாறு வயது மூன்று மாதம். நான் கணக்குப் போட்டேன்.

இப்போது ஓதோணுவில் மூன்று லட்சம் பிள்ளைகள் படிக்கிறார்கள். நான் இளகல்லில் சேலை மடித்துக்கொண்டிருந்தால் அவர்கள் யாரும் இல்லை. ஒரு பக்கம் ஒன்று, ஒரு பக்கம் மூன்று லட்சம். இந்தக் கணக்கை எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் சரியாகவே வருகிறது. சரியாக வருகிற கணக்கை ஒருத்தி ஏன் திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்விதான்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் பழைய டேபிள்களைப் புதிய சர்வருக்கு மாற்றும்போது, ஒன்று போட்ட நாற்பத்தொரு வரிகளைப் பார்த்திருக்கிறாள். என்னிடம் வரவில்லை, நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறாள். அவளுக்கு வேலை கற்றுக் கொடுத்தது நான்தான்.

அவளுக்குப் புரியாதது வேறொன்று. தளத்தில் நிங்கவ்வவின் பெயரில் உள்ள கணக்கு இன்னும் ஏன் உயிரோடு இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். பத்தாவது முடித்து, பி.யு.சி. அறிவியல் முடித்து, நர்சிங் பாடங்களும் படித்துக்கொண்டிருக்கிறதே, ஒன்பது வருடமாக ஒரு நாளும் விடாமல் வருகிறதே என்று. எல்லாம் என் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து போனதாக நீங்கள் இந்தத் தாளை என் முன்னால் வைக்கிறீர்கள். இருக்கலாம். முதல் வருடம் நான்தான். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். நர்சிங் பாடம் எனக்குத் தெரியாது மேடம். ரத்த நாளங்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வருகிறது. கடைசி வரியில் குறி மறப்பது மட்டும் இருக்கிறது.

மதியம் பன்னிரண்டரை ஆனால் நான் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கேள்விப் பெட்டியைத் திறப்பேன். அதில் கேள்வி இருக்கும். கேள்வி இருந்தால் நான் பதில் எழுதுவேன். என் வேலை அது. நேற்று இங்கே உட்கார வைத்திருந்ததால் எழுத முடியவில்லை. எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று எழுதாதீர்கள். டாக்டரை வரச் சொன்னால் நான் ஒத்துழைக்கிறேன்.

சரி, நீங்கள் கேட்டதை நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் 1098க்குப் போன் செய்யவில்லை. அன்றும் இல்லை, அதன் பிறகும் இல்லை. யாரும் கிளம்பவில்லை, நவலகுந்த் தாண்டவில்லை, பின்னால் நிற்கவில்லை. அவள் போக இருந்த இரண்டு வழிகளையும் நான்தான் அடைத்தேன். அவள் அந்தப் பந்தலில் தானாகப் போய் நின்றதற்கு, அவள் அப்பாவோ பெரிய சாரோ காரணம் இல்லை. நான் நிற்கச் சொன்னேன், நின்றாள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் நீங்கள் காட்டிய அந்த ஜாத்திரைப் போட்டோவை இன்னொரு முறை தாருங்கள். இந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்னை நீங்கள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. இருபத்தாறு பெண்கள். எல்லாத் தலையும் குனிந்திருக்கிறது, முகம் வீங்கியிருக்கிறது. பத்தொன்பதாவது பெண்ணைப் பாருங்கள். அவள் ஒருத்திதான் தலையை நிமிர்த்திக்கொண்டு, கேமராவுக்கும் அப்பால், கூட்டத்தின் பின்பக்கத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தப் பந்தலில் பயப்படாமல் நின்றவள் அவள் ஒருத்திதான். அதை அவளுக்குக் கொடுத்தது யார் என்று நீங்கள் யாருமே கேட்கவில்லை.